திகதி குறித்த ஜெபங்கள்

எமது பாடசாலையில் எந்த ஆண்டில் படித்தவராயினும், காலை வணக்கத்தில் ஒருமுறையாவது ஜோர்ஜ் முல்லரின் கதையைக் கேட்காமல் வெளியேறியிருக்க முடியாது. வெறுங் கோப்பைகளின் முன்னால் அநாதைப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர் கண்ணை மூடி, இன்னும் வந்து சேராத உணவுக்காக நன்றி சொல்கிறார். சொல்லி முடியும் முன்னரே பாண் சுடுபவர் கதவைத் தட்டுகிறார். பால்காரரின் வண்டி வாசலிலேயே உடைந்து நிற்கிறது. விடுதிப் பிள்ளைகளாயிருந்த எமக்கு அந்தக் கதையில் தனி ருசி இருந்தது. எமது சாப்பாட்டு மண்டபத்தில் சோறும் பருப்பும் ஒருநாளும் தவறியதில்லை. ஆகவே அற்புதத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அது பிறர் சொல்லிப் பரவிய கதை. முல்லர் தாமே எழுதி வெளியிட்ட குறிப்புகள் வேறு வகையானவை. எந்த நாளில் எதைக் கேட்டார், எந்த நாளில் எவ்வளவு வந்தது, யார் கையால் வந்தது என்று சில்லிங், பென்ஸ் கணக்கோடு எழுதப்பட்டவை. எம்முள் வைத்தியத் துறைக்கு வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் அந்நியமானதல்ல. விடுதியில் நோயாளியின் ரிக்கற்றில் எழுதப்படாதது நடக்காதது என்றுதான் எமக்கும் கற்பித்தார்கள். ஜெபத்துக்கு ரிக்கற் எழுதிய ஒரு மனிதரைப் பற்றி, எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முல்லர் 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இளமையில் அவர் நல்ல பிள்ளை அல்லர். தகப்பனின் பணத்தைக் களவெடுத்தவர். விடுதிக் கட்டணம் கொடுக்காமல் ஏமாற்றியதற்காகப் பதினாறு வயதில் சிறையிருந்தவர். 1825இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சென்றபோதும் அதே போக்குத்தான். அந்த ஆண்டின் கடைசியில் ஒரு சிறு வீட்டில் நடந்த கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் அவரை அழைத்துப் போனார். அங்கே சாதாரண மனிதர் ஒருவர் முழந்தாளிட்டு ஜெபித்ததைக் கண்டதே தம் வாழ்க்கையைத் திருப்பியது என்று அவர் பின்னர் எழுதினார்.

ஹாலே என்ற பெயர் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. ஓகஸ்ட் ஹேர்மன் பிராங்கே என்ற போதகர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு பெரிய அநாதை இல்லத்தைக் கட்டியெழுப்பினார். அந்த ஹாலே வட்டத்தில் பயின்ற சீகன்பால்குதான் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். அங்கே அச்சிடுவதற்கான தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிக் கைக்கு வந்தது அந்த வழியால். சீகன்பால்கு பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியையும் நடத்தினார் என்பதை நாம் விசேடமாக நினைவுகூரலாம். ஒரே ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் தரங்கம்பாடிக்கும், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இன்னொரு வாய்க்கால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்கும் போயிற்று. மாணவனாயிருந்தபோது முல்லர் சிலகாலம் பிராங்கேயின் இல்லத்திலேயே தங்கியிருந்தவர்.

1829இல் இங்கிலாந்துக்கு வந்தவர், அடுத்த ஆண்டில் மேரி குரோவ்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அதே காலத்தில் தமது சபையின் சம்பளத்தை வேண்டாமென்றார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். இனித் தம் தேவையை மனிதரிடம் சொல்வதில்லை, கடவுளிடம் மட்டுமே சொல்வது என்று கணவனும் மனைவியும் தீர்மானித்தார்கள். 1832இல் அவர்கள் பிரிஸ்டலுக்கு வந்த சில வாரங்களில் வாந்திபேதி நகரத்தைப் பிடித்தது. தெருவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் காண்பது சாதாரணமாயிற்று.

1835 நவம்பரில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு மீண்டும் அவர் கையில் கிடைத்தது. அதன் பின்பே அநாதை இல்லம் தொடங்கும் எண்ணம் உறுதியானது. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் கொடுப்பது தமது முதல் நோக்கம் அல்ல என்று முல்லர் வெளிப்படையாகவே எழுதினார். கடவுள் இன்றைக்கும் ஜெபத்துக்குப் பதில் தருகிறார் என்பதைக் கண்ணால் காணக்கூடிய ஒன்றாக நிறுவிக்காட்டுவதே முதல் நோக்கம். பிள்ளைகளின் நலன் இரண்டாவது. இதை முதலில் வாசிக்கும்போது எமக்குச் சற்று உறுத்தத்தான் செய்தது. பசித்த பிள்ளையை ஒரு வாதத்துக்குச் சாட்சியாக்கலாமா? ஆனால் அந்த வாதத்தை நிறுவுவதற்கு ஒரே வழி, ஒரு பிள்ளையும் ஒருவேளையும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதே. அதை அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் செய்தார்.

தொடக்கம் வேடிக்கையானது. வீட்டுக்காக ஜெபித்தார், ஆயிரம் பவுணுக்காக ஜெபித்தார், வேலைக்கு ஏற்றவர்களுக்காக ஜெபித்தார். எல்லாம் வரத் தொடங்கின. 1836 பெப்ரவரி 3ஆம் திகதி பிள்ளைகளைப் பதிவு செய்வதற்காகக் குறித்த நேரத்தில் போய் அமர்ந்தார். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தும் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது: எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தோம், பிள்ளைகளுக்காக ஜெபிக்கவில்லை! அநாதைகளுக்கு என்ன குறைவு, அவர்கள் தாமாக வருவார்கள் என்று எண்ணிவிட்டார். அன்று மாலை அதற்காக ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரல் மாதத்தில் வில்சன் வீதி 6ஆம் இலக்க வீட்டில் இல்லம் திறக்கப்பட்டது. அது ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையான பெண்பிள்ளைகளுக்கான இல்லம்.

ஆயிரம் பவுண் சேர ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதில் நூறு பவுண், தையல் வேலை செய்து வாரத்துக்குச் சில சில்லிங் மட்டுமே உழைத்த, உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அவருக்கு ஒரு முதுசம் கிடைத்திருந்தது. முல்லர் அந்தப் பணத்தை உடனே வாங்கவில்லை. அவரை அழைத்து, உணர்ச்சி வேகத்தில் கொடுத்துவிட்டுப் பின் வருந்தப் போகிறாரோ என்று நன்றாக விசாரித்தார். அந்தப் பெண் அசையவில்லை என்று கண்ட பிறகே ஏற்றுக்கொண்டார். கடவுளிடம் நூறு பவுண் கேட்ட மனிதர், அது கையில் வந்தபோது கொடுத்தவருக்காகத் தயங்கினார். எமது சங்கத்தின் கட்டட நிதிக்குழுவினர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது!

1838இலிருந்து சில ஆண்டுகள் மிகக் கடினமானவை. காலை உணவு முடிந்தால் மதியத்துக்குக் காசில்லை. மதியம் முடிந்தால் இரவுக்கில்லை. அதுவரை நிதி நிலையைத் தமக்குள் வைத்திருந்த முல்லர், இல்லத்தில் பணியாற்றியவர்களை ஒன்றுகூட்டி உண்மையைச் சொன்னார். அவர்கள் சேர்ந்து ஜெபித்தார்கள். ஜெபித்து எழுந்து, தங்களிடமிருந்த சிறு காசையும் கொடுத்தார்கள். சிலர் தமக்கு அவசியமில்லாத பொருள்களை விற்றார்கள். முல்லர் இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வானத்திலிருந்து விழுந்தது என்று அவர் ஒன்றையும் எழுதவில்லை.

முல்லரைக் குறை கூறுபவர்கள் அன்றும் இருந்தார்கள். மனிதரிடம் கேட்பதில்லை என்கிறார், ஆனால் ஆண்டறிக்கையை அச்சிட்டு எங்கும் அனுப்புகிறாரே, அது கேட்பதல்லாமல் வேறென்ன என்றார்கள். எமது கருத்தில் அது நியாயமான கேள்வி. அவரும் அதை உணர்ந்திருந்தார் போலும். 1841இன் கடைசியில் கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய காலம் வந்தது. இந்த வேளையில் வெளியிட்டால் அது பிச்சை கேட்பது போலாகும் என்று அறிக்கையைச் சில மாதங்கள் தள்ளிவைத்தார். அந்த மாதங்கள் எவ்வளவு நெருக்கடியானவை என்று அவருடைய குறிப்புகளே சொல்கின்றன.

எமது நாட்டுக்கு வந்த மிஷன்களின் வழி வேறு. வடக்கில் பாடசாலைகளை எழுப்பிய அமெரிக்க மிஷனரிமார் கேட்டார்கள். கடிதம் எழுதிக் கேட்டார்கள், அறிக்கை அச்சிட்டுக் கேட்டார்கள். ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவருடைய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அவர்களும் ஜெபித்தவர்களே. கேட்காமலிருப்பதுதான் பெரிய விசுவாசம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. முல்லரும் எல்லோரும் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று சட்டம் வைக்கவில்லை.

1849இல் பிரிஸ்டலுக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் முந்நூறு பிள்ளைகளுக்கான முதலாவது பெரிய இல்லம் திறக்கப்பட்டது. 1870க்குள் அங்கே ஐந்து இல்லங்கள் எழுந்தன. ஒரே நேரத்தில் 2,050 பிள்ளைகளுக்கு இடம். வாழ்நாளில் அவர் பொறுப்பேற்ற பிள்ளைகள் பத்தாயிரத்துக்கு மேல். அவர் கையால் கடந்துபோன பணம் ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்.

இந்த ஆண்டுகளில் நடந்த ஒன்று எமக்கு மிகவும் பிடித்தது. 1857 நவம்பர் முடியும் நேரம், முதலாம் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. அது செங்கல்லால் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததால் நெருப்பை அணைத்துச் சுவரை உடைத்துத்தான் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாள் குறித்தாயிற்று. உடனே குளிர்ந்த வடகாற்று வீசத் தொடங்கியது. முந்நூறு சிறு பிள்ளைகள். நெருப்பில்லாமல் எத்தனை நாளோ. முல்லர் இரண்டு காரியங்களைக் கேட்டார்: வடகாற்றுத் தென்காற்றாக மாற வேண்டும், வேலையாட்களுக்கு வேலையில் மனம் வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. மாலையில் மேற்பார்வையாளர், ஆட்கள் இரவு நேரஞ்சென்று வேலை செய்து காலையில் நேரத்தோடு வருவார்கள் என்றார். வேலையாட்களோ, இரவு முழுவதுமே நின்று செய்து முடிக்கிறோம் என்றார்கள். காற்று மாறியதைத் தற்செயல் என்று சொல்பவர் சொல்லட்டும். முல்லர் இரண்டாவது காரியத்தையும் கேட்டாரே, அதுதான் எம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் களைத்த கைகளோடு நிற்கும் ஒரு தாதிக்காகவோ சிற்றூழியருக்காகவோ யாராவது இப்படி ஜெபித்ததுண்டா?

1872இல் பிரான்சிஸ் கோல்ற்றன் என்ற அறிஞர் ஜெபத்தைக் கணக்கெடுப்பால் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அரச குடும்பத்தாரின் ஆயுளுக்காக ஆலயங்கள் எங்கும் ஜெபிக்கிறார்கள். ஆனால் மற்ற வசதியுள்ள வகுப்பினரைவிட அவர்களே குறைந்த காலம் வாழ்கிறார்கள் என்று காட்டினார். ஆஷ்லி டவுனில் ஐந்து இல்லங்களும் நிறைந்திருந்த காலம் அது. எமது பயிற்சி கோல்ற்றனின் பக்கம் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முல்லரின் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆனால் வழக்கத்துக்காகச் சொல்லும் ஜெபத்தைக் கோல்ற்றன் எண்ணினார். முல்லர் எண்ணியது ஒரு மனிதன் தன் முழு வாழ்வையும் பணயம் வைத்துக் கேட்டதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எமக்கு மனம் வரவில்லை.

கேட்டது கிடைக்காத பக்கத்துக்கு இனி வரலாம். எமது வயதுப் பழைய மாணவிகளுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறி, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாய் நகர்ந்த சனத்தில் நாமும் இருந்தோம். போகவேண்டி வரக்கூடாது என்று அதற்கு முந்திய நாள்களில் ஜெபிக்காத வீடில்லை. எம்மோடு படித்த சைவப் பிள்ளைகள் தங்கள் கோயில்களில் வேண்டியதும் அதையேதான். போனோம். சிலருடைய அண்ணன்மார் திரும்பி வந்தார்கள், சிலருடையோர் இன்றுவரை வரவில்லை. ஒரே வரிசையில் முழந்தாளிட்டவர்கள் நாம்.

முல்லரின் குறிப்புகளில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மகன் எலியா 1835இல், இரண்டு வயதாகும் முன்னரே, இறந்தான். மகள் லிடியா 1853இல் நச்சுக்காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாள் என்ற நம்பிக்கை அற்றுப்போன நிலைக்குப் போய், மீண்டு எழுந்தாள். தகப்பன் ஒருவரே, ஜெபமும் ஒன்றே. எலியாவுக்கான விசுவாசம் குறைவாயிருந்தது என்றோ, லிடியாவுக்கானது கூடுதலாயிருந்தது என்றோ அவர் எழுதவில்லை. 1870இல் மனைவி மேரி காய்ச்சலில் இறந்தபோது அடக்க ஆராதனையில் தாமே பிரசங்கித்தார். கடவுள் நல்லவர், நன்மையே செய்கிறவர் என்பதுதான் பிரசங்கத்தின் பொருள். வாசிக்கும்போது, இவ்வளவு அமைதி எப்படி என்று எமக்குச் சந்தேகமும் வருகிறது. ஆனாலும் இழப்பைத் தம் பதிவிலிருந்து நீக்காத நேர்மை அவரிடம் இருந்தது. நோயாளியின் கட்டிலருகே நின்று, உனக்கு விசுவாசம் போதவில்லை என்று தாயொருத்தியிடம் சொல்பவர்களையும், ஜெபித்தாயிற்று, இனி இன்சுலின் வேண்டாம் என்று சொல்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஜெபத்தில் நம்பிக்கை வைத்தோரின் வரலாற்றில் முல்லரைவிடப் பெரிய பெயர் அரிது. அவர் அப்படிச் சொன்னவர் அல்லர்.

லிடியா நோயில் கிடந்த அதே கோடையில், சில வாரங்கள் முன்னதாக, முல்லரின் வீட்டில் இன்னொருவர் இறந்திருந்தார்: மேரியின் அண்ணன் அந்தனி நொறிஸ் குரோவ்ஸ். எக்செற்றர் நகரில் நல்ல வருமானத்தோடு இருந்த பல்வைத்தியர். எல்லாவற்றையும் விட்டு பக்தாத்துக்குப் போய், அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833இல் இந்தியாவுக்கு வந்தவர். சித்தூரில் அவர் தொடங்கிய விவசாய முயற்சி நட்டத்தில் முடிந்தது. ஆனால் அவரோடு பழகிய திருநெல்வேலித் தமிழர் ஒருவர் அந்த வழியைப் பற்றிக்கொண்டார். ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் வெளிநாட்டு மிஷனின் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்யத் துணிந்தார். 1840களில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்தார்; அங்கே பயிர் செய்தார்கள், பள்ளி நடத்தினார்கள், வெளியூர்களுக்கு நடந்துபோய்ப் பிரசங்கித்தார்கள். 1860இல் அங்கிருந்து எழுந்த எழுப்புதல் தென் தமிழகத்தின் திருச்சபை வரலாற்றில் பேசப்படுவது. ஹாலேயின் இரண்டு வாய்க்கால்களும் தமிழ் மண்ணில் இப்படி மீண்டும் சந்தித்தன.

அதே திருநெல்வேலிச் சீமையில் பின்னர் வந்தவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தைச் சேர்ந்த இவர் 1894இல் எமது நாட்டிலும் சில மாதங்கள் பணிசெய்தவர். 1901இலிருந்து டோனாவூரில், கோயிலுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு வீடாக ஓர் இல்லத்தை வளர்த்தார். முல்லரைப் போலவே அங்கும் பணம் கேட்பதில்லை. அவருடைய வலக்கையாயிருந்த பொன்னம்மாள் புற்றுநோயால் துன்பப்பட்டபோது, சுகம் கேட்டு எத்தனை ஜெபம்! 1915இல் பொன்னம்மாள் இறந்தார். 1931 ஒக்ரோபர் 24ஆம் திகதி காலையில், பிள்ளைகளுக்கு உதவத் தம்மைத் தகுதியாக்க எதையும் செய்யும்படி ஏமி கடவுளிடம் கேட்டார். அன்று மாலையே பொழுதுபட்ட வேளையில் ஒரு குழியில் விழுந்து காலெலும்பு முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கழிந்தது. அங்கிருந்தபடி அவர் எழுதியவற்றுள் நோயாளருக்கென எழுதியது ஒன்று. சுகமாயிருப்பவர் நோயாளருக்கு எழுதும் ஆறுதல் எவ்வளவு வெறுமையானது என்று படுத்திருந்தபோதுதான் உணர்ந்தாராம். வைத்திய பீடத்தில் எமக்கு இதை யாரும் கற்பிக்கவில்லை. டோனாவூரில் கேட்டுக் கேட்டு எழுப்பிய ஒரு வைத்தியசாலையும் உண்டு. அதன் பெயர் பரம சுக சாலை.

முல்லர் 1898 மார்ச் 10ஆம் திகதி காலை தம் அறையில் இறந்து கிடந்தார், வயது 92. முதல்நாள் மாலை வழக்கம்போல ஜெபக்கூட்டம் நடத்தியிருந்தார். அவருக்கென்று விட்டுச்சென்ற உடைமை நூற்றறுபது பவுண் அளவு. அதிலும் பெரும்பகுதி புத்தகங்களும் தளபாடமும்.

1844 நவம்பரில் ஐந்து பேர் மனந்திரும்ப வேண்டுமென்று அவர் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். நோயானாலும் பயணமானாலும் ஒருநாளும் விடாமல் கேட்டதாகச் சொல்கிறார். ஒன்றரை ஆண்டில் ஒருவர். பின்னும் ஐந்து ஆண்டில் இன்னொருவர். அதன்பின் ஆறு ஆண்டில் மூன்றாமவர். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு பிரசங்கத்தில் இதைச் சொன்னபோது மீதி இருவரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே கேட்ட திகதி மட்டும் இருந்தது. இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.